அவரைப் பந்தலும் ‘வயலும் வாழ்வும்’



1975-இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியபின் வந்த ‘வயலும் வாழ்வும்’ உழவர் நிகழ்ச்சி எங்கள் ஜவ்வாது மலைக்குத் தாமதமாகத்தான் ஏறியது. ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். திரைப்பாடல் நிகழ்ச்சியான ‘ஒளியும் ஒலியும்’ எப்போது வரும் என்று பிள்ளைகள் முனகுவார்கள். பெரியவர்கள் அசைய மாட்டார்கள்.

அந்த உழவுப் பேச்சு இன்றும் தேவை. எங்கள் மலையில் சாமைக்குக் கிடைக்கும் பேச்சு வீட்டுக் காய்க்குக் கிடைப்பதில்லை. அம்மா அவரை விதையைச் சாம்பலில் புரட்டிச் சுரைக்குடுக்கையில் அடைத்து, வாயைச் சாணியால் மெழுகுவார். ஆடியில் எடுத்து வேலியோரம் ஊன்றினால் தையில் பந்தல் தாங்காது. இன்று ஜமுனாமரத்தூர்க் கடையில் பாக்கெட் விதைதான். காய்கறி விதைகளில் பலவும் வீரிய ஒட்டு ரகம்; அவற்றிலிருந்து எடுக்கும் விதை மறுவிதைப்புக்கு உதவாது.

சென்னைத் தொலைக்காட்சியின் வழிவந்த பொதிகை அலைவரிசை 2024-இல் ‘டிடி தமிழ்’ ஆனது. பெயரை மாற்றியவர்கள் ‘வயலும் வாழ்வும்’ பழைய ஒளிநாடாக்கள் மிஞ்சியிருந்தால் வாரம் ஒருநாள் ஒளிபரப்பலாமே! விளம்பரதாரர் கிடைக்காவிட்டாலும் பார்க்க நாங்கள் இருக்கிறோம்.

– ஒரு வாசகி, ஜமுனாமரத்தூர்