முகம் மட்டும் போதுமா?

பண்ணைப்புரத்துக்குப் போட்டோ எடுக்க வருகிற இளைஞர்கள் மேற்கு மலையைத் தகர்த்துவிட்டுப் போகிறார்கள். வெடி வைத்து அல்ல, லென்ஸ் வைத்து. மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்கும் வாசகர் அவர்கள் எடுத்த படங்களை ஒரு முறை பார்க்க வேண்டும். கிழவியின் முகம் இருக்கும், சுருக்கங்களை எண்ணிவிடலாம். மூக்குத்திக் கல்லில் வானம் தெரியும். அவளுக்குப் பின்னால்? பச்சையும் பழுப்புமாகக் கரைந்துபோன ஒரு குழம்பு. அது கோம்பைக்கும் தேவாரத்துக்கும் இடையே சுவர் எழுப்பினாற்போல் நிற்கிற மலையா, துணிக்கடையில் தொங்குகிற திரைச்சீலையா என்று பிரம்மதேவனே வந்தாலும் சொல்ல முடியாது.

இந்தக் குழம்புக்கு ‘பொக்கே’ என்று பெயர். ஜப்பானியச் சொல்; மங்கல் என்று பொருள். 1997-இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை இதை ஆங்கிலத்தில் பரப்பியது. இப்போது நம் பையன்கள் வாயிலும் இதுதான். எதைக் காட்டாமல் விட்டோமோ, அதற்கு ஒரு பெயர் வைத்து அதையே அழகென்று கொண்டாடுகிற கலை வேறு உண்டா? நாவலில் நான் இப்படிச் செய்தால், “கதாநாயகிக்கு ஊரில்லை, வீடில்லை, அண்டை அயல் இல்லை” என்று விமரிசகர்கள் என்னைக் கிழித்துவிடுவார்கள். கிழிப்பதும் நியாயந்தான்.

லென்ஸின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். டாகேர் தம் முறையை உலகுக்கு அறிவித்தது 1839-இல். அந்தக் காலத்து லென்ஸ்கள் வெளிச்சத்தைச் சொட்டுச் சொட்டாகத்தான் உள்ளே விட்டன. படம் எடுத்துக்கொள்ள வந்தவர் வெயிலில் நிமிஷக் கணக்கில் சிலையாக உட்கார வேண்டும். மறு வருஷமே வியன்னாவில் கணிதப் பேராசிரியராக இருந்த ஜோசப் பெட்ஸ்வால் என்பவர், பீரங்கிப் படையின் கணக்கர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு கணக்குப் போட்டு, 3.6 என்ற அளவுக்குத் திறக்கும் ஒரு லென்ஸை வகுத்தார். ஃபாய்க்ட்லாண்டர் கம்பெனியார் அதைச் செய்து விற்றார்கள். உட்காரும் நேரம் ஒரு நிமிஷத்துக்கும் கீழே வந்தது. மனுஷ முகத்தில் உயிர் வந்தது. அகலத் திறக்கும் லென்ஸ் பிறந்தது வெளிச்சத்துக்காக. ஓரங்களில் விழுந்த மங்கல், அந்த வெளிச்சத்துக்காக அவர் கொடுத்த விலை. இன்றைக்கு அந்த விலையையே சரக்கென்று விற்கிறார்கள்!

எண் சின்னதாக ஆக வாய் பெரிதாகும் என்பது லென்ஸ் கணக்கு. 85 மில்லிமீட்டர் லென்ஸை 1.8-இல் திறந்துவைத்து 2 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால், தெளிவாக விழுகிற ஆழம் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர். மூன்று விரற்கடை! கண் தெளிந்தால் காது போயிற்று. காதே போன பிறகு மலை எம்மாத்திரம்?

வாங்கியவர்கள் சொல்வதையும் கேட்டுத்தான் எழுதுகிறேன். 50 மில்லிமீட்டர், 1.8 லென்ஸ் விலை குறைவு, கனமில்லை, கண்ணிமை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது என்கிறார்கள். வாஸ்தவம். கல்யாண வீட்டில் விடிகாலை முகூர்த்தத்தில், குத்துவிளக்கு வெளிச்சத்தில் ஃப்ளாஷ் போடாமல் மணப்பெண்ணை எடுக்கலாம் என்கிறார்கள். இதற்கு நான் தலைவணங்குகிறேன். ஸ்டான்லி கூப்ரிக் 1975-இல் வந்த ‘பாரி லிண்டன்’ படத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே காட்சிகளை எடுத்தார். அதற்கு நாசாவுக்கென்று ஸைஸ் கம்பெனி செய்த 0.7 லென்ஸ் வேண்டியிருந்தது. இருட்டில் முகம் தேடுகிறவனுக்கு இந்த லென்ஸ் ஒரு வரப்பிரசாதம்.

அதே ஆட்கள் குறையும் சொல்கிறார்கள். நூலிழை தப்பினால் மூக்கு தெளிந்து கண் மங்கிவிடுகிறது. 85-ஐ மாட்டிக்கொண்டு நம் ஊர் வீட்டுக்குள் போனால் பின்னால் நகர இடமில்லை. முதுகு சுவரில் முட்டுகிறது, கடைசியில் தெருவில் நின்று எடுக்க வேண்டியிருக்கிறது. வெயிலில் முழுக்கத் திறந்தால் வெள்ளை வேட்டியின் ஓரத்தில் ஊதாச் சாயம் படிகிறது.

வேடிக்கை இன்னொன்று. கம்பம் பள்ளத்தாக்கின் உச்சி வெயிலில் 1.8-இல் படம் எடுக்க வேண்டுமானால், காமிராவின் இமை ஏறக்குறைய 8,000-இல் ஒரு பங்கு விநாடியில் மூட வேண்டும். பல காமிராக்களால் அது ஆகாது. ஆகவே லென்ஸுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டுகிறார்கள். அதாவது, நிறைய வெளிச்சம் வரட்டும் என்று அதிகப் பணம் கொடுத்து ஒரு ஜன்னல் வாங்கி, வெளிச்சம் வராதபடி அதற்கு ஒரு படுதாவும் வாங்கிப் போடுகிறார்கள்! எதற்காக? மலையை அழிப்பதற்காக.

போதாக்குறைக்கு 2016-இல் ஐபோன் 7 பிளஸ் வந்தது. லென்ஸால் முடியாததைக் கணக்கால் செய்கிறது. முகத்தைச் சுற்றிக் கத்தரித்து மிச்சத்தைக் கரைக்கிறது. சில சமயம் தலையில் வைத்த கனகாம்பரத்தையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது.

“பார்க்கிறவர் கவனத்தை முகத்தில் குவிக்கிறோம்” என்பது இவர்கள் கட்சி. ஆர்னால்ட் நியூமன் 1946-இல் ஸ்ட்ராவின்ஸ்கி என்ற சங்கீத மேதையை எடுத்த படத்தைப் பாருங்கள். படம் முழுவதையும் பியானோவின் கறுத்த மூடி அடைத்துக்கொண்டு நிற்கிறது. மனிதர் ஒரு மூலையில் இருக்கிறார். எடுக்கச் சொன்ன பத்திரிகையே வேண்டாம் என்று தள்ளிய படம் அது. கவனம் எங்கே போகிறது? நேரே அவர் முகத்துக்குத்தான். ஜெர்மனியில் ஆகஸ்ட் ஸாண்டர் 1928-இல் ஒரு மிட்டாய்க்காரரைச் சமையலறையில், கையில் கிண்டுகிற பாத்திரத்தோடு நிற்கவைத்து எடுத்தார். அந்தப் பாத்திரத்தை மங்கலாக்கிவிட்டால் அவர் வெறும் தடித்த மனிதர், அவ்வளவுதான்.

பண்ணைப்புரத்தில் இந்தக் கூத்து நடப்பது எனக்கு இரட்டிப்பு வருத்தம். 1943-இல் இந்த ஊரில் பிறந்த இளையராஜா, 1976-இல் ‘அன்னக்கிளி’யோடு வந்து, பாட்டுக்கு மட்டுமா பெயர் வாங்கினார்? பின்னணி இசைக்கு! பேச்சு நின்ற இடத்தில், முகம் சும்மா இருக்கிற இடத்தில், பின்னால் ஒலிப்பதுதான் கதையைச் சொல்லும் என்று தமிழர்களுக்குக் காதால் பழக்கியவர் அவர். அவர் ஊருக்கே வந்து பின்னணி வேண்டாம் என்கிறார்கள். அடுத்தாற்போல் அல்லிநகரத்துப் பாரதிராஜா, 1977-இல் காமிராவை ஸ்டூடியோவிலிருந்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாரே, முகத்துக்குப் பின்னால் வயலும் வாசலும் தெரியட்டும் என்றுதானே?

பழைய ஸ்டூடியோக்காரர் மட்டும் பொய்த் திரை கட்டவில்லையா என்று கேட்பீர்கள். கட்டினார். மாளிகைப் படிக்கட்டும், தாஜ்மகாலும், பூந்தொட்டியும் எழுதிய திரைக்கு முன் கூலிக்காரரை நிற்கவைத்தார். ஆனால் அவர் இல்லாததைக் கொடுத்தார். இவர்கள் இருப்பதைப் பறிக்கிறார்கள். அவர் ஒரு பிரதியும் கொடுத்தார்.

சென்ற தை மாதம் ஓர் அம்மாளை ஒரு பையன் எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஏலத் தோட்டத்து ஜீப்பில் விடியுமுன் மலையேறி வயதைக் கழித்தவள். காமிராவின் முதுகில் தன் படத்தைக் காட்டியதும் அவள் கேட்டாள்:

“ஏய்யா, ஆட்டுக்குட்டி எங்கய்யா? மடியிலதான வச்சிருந்தேன்?”

“அது பிளர் ஆயிருச்சு, பாட்டி. அதுதான் அழகு.”

“வாசல்ல புதுசா சுண்ணாம்பு அடிச்சேனே, அதுவும் தெரியலயே.”

பையன் சிரித்தான். நல்ல பையன்தான், கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் அந்த அம்மாளுக்கு இதுவரை படம் வந்து சேரவில்லை. அது எந்தப் போட்டிக்குப் போயிற்றோ, “கிராமத்து மூதாட்டி” என்று தலைப்புப் போட்டிருப்பார்களோ, யார் கண்டது? பெயரும் மங்கல், ஊரும் மங்கல். நாளைக்கு அவள் கண்ணை மூடினால் மாலை போட அவள் வீட்டில் என்ன இருக்கும்? ரேஷன் கார்டில் ஒட்டிய முகம் இருக்கும்.

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. 85-ஐக் கழற்றிவிட்டு 35-ஐ மாட்டுங்கள். 8-இல் வையுங்கள். ஆட்டுக்குட்டி, சுண்ணாம்புச் சுவர், மலை எல்லாம் அடையாளம் தெரியும். ஒரு பிரதி போட்டு, பின்புறம் பெயரும் ஊரும் தேதியும் எழுதி அவள் கையில் கொடுங்கள். இருட்டிய பிறகு உங்கள் 1.8-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது?

படம் எப்படி மாட்டுவது என்று எங்கள் பக்கத்து ஜனங்களுக்குத் தெரியும். 1895-இல் பெரியாறு அணையைக் கட்டி முடித்த கர்னல் பென்னிகுக்கின் படம் இங்கே வீடுகளிலும் டீக்கடைகளிலும் சாமி படத்தோடு தொங்குகிறது. பின்னால் அணை தெரியும்படி அச்சடித்ததைத்தான் விரும்பி மாட்டுகிறார்கள். அணையைப் பொக்கே ஆக்கி மீசையை மட்டும் தெளிவாகப் போட்டுக் கொடுத்துப் பாருங்கள், கூடலூரில் ஒருவரும் வாங்க மாட்டார்.