நோன்பும் இருதயப் படமும்



அக்குறணைப் பக்கத்துச் சகோதரி ஒருவர் அண்மையில் தம் மகனோடு வந்து ஒரு விளக்கம் கேட்டார். நெஞ்சு நோவுக்காக, இருதயத்தின் இரத்தக் குழாய்களை சீ.டீ. ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். நாலு மணித்தியாலம் சாப்பிட வேண்டாம் என்றதும், எப்படியும் பட்டினிதானே என்று கழா நோன்புக்கு நிய்யத் வைத்துவிட்டார். அங்கே நாடியைக் குறைக்கக் கொடுத்த குளிசையை, நோன்பு முறிந்துவிடுமே என்று லேஞ்சியில் முடிந்து வைத்துக்கொண்டார். ஒருவரிடமும் சொல்லவில்லை. படம் கலங்கிப்போய் வந்தது. அடைப்பு உண்டா, இல்லையா என்று டொக்டரால் சொல்ல முடியவில்லை.

"திரும்பவும் எடுக்க வேணுமாம். நான் செய்தது பிழையா, ஹஸரத்?" என்று கேட்டார்.

அந்தக் குளிசையின் வேலையை முதலில் அறிந்துகொள்வோம். ஓடும் பஸ்ஸில் ஊசிக்கு நூல் கோக்க முடியுமா? பஸ் நிற்கும்போதுதான் முடியும். இருதயக் குழாய்கள் மூன்று நான்கு மில்லிமீற்றர் அகலமானவை. துடிப்போடு சேர்ந்து அவையும் அசைகின்றன. ஆனால் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் இருதயம் சற்று அசையாதிருக்கிறது. நெஞ்சில் ஒட்டும் ஈ.ஸீ.ஜீ. வயர்கள் அந்த வேளையை இயந்திரத்துக்குக் காட்டிக்கொடுக்கின்றன. நாடி நிமிடத்துக்கு 60 அளவில் இருந்தால் அந்த ஓய்வு நீளும். 90 ஆக ஓடினால் சுருங்கிவிடும். 2005இல் வந்த இரட்டைக் கதிர்க்குழாய் இயந்திரம் வினாடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு நேரத்துக்குள் படம் பிடித்தது. பிறகு வந்தவை இன்னும் வேகமானவை. என்றாலும் நாடி அடங்கியிருந்தால்தான் படம் தெளிவாகும். கோப்பி, தேயிலை வேண்டாம் என்பதும், படம் எடுக்கையில் பத்து வினாடியளவு மூச்சை அடக்கச் சொல்வதும் இதற்காகவே.

இருதயம் தன் சுவரிலுள்ள குழாய்களாலேயே உணவு பெறுகிறது என்று 13ஆம் நூற்றாண்டில் எழுதிய இப்னு நபீஸ், வைத்தியர் மட்டுமல்ல, ஷாபிஈ மத்ஹபின் சட்ட அறிஞரும்தான். மார்க்கமும் மருத்துவமும் அவரிடம் மோதிக்கொள்ளவில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். விழுங்கும் குளிசை நோன்பை முறிக்கும். நெஞ்சு வலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் குளிசை, கரைந்ததை விழுங்காவிட்டால் முறிக்காது. போஷாக்குக்காக அல்லாமல் நாளத்தில் ஏற்றும் மருந்தும் முறிக்காது. 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமியின் தீர்மானம் இது. ஆகவே அச்சகோதரியின் நோன்புக்குக் குறைவில்லை. ஆனால் திரும்பவும் கதிர், திரும்பவும் ஊசி, நோய் இன்னதென்று தெரியாமல் கழிந்த நாட்கள். உடம்பும் அமானிதமல்லவா?

கழா நோன்பை வேறொரு நாளில் பிடிக்கலாம். ஸ்கேன் நாளில் நிய்யத் வைக்காதீர்கள். றமழானாக இருந்தால், தாமதிக்கலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். கூடாது என்றால், நோயாளிக்கு ஸூரத்துல் பகராவின் 184ஆம் வசனம் தரும் சலுகையை ஏற்று, பின்னர் கழாச் செய்யுங்கள்.

ஆஸ்துமா இருந்தால் மறைக்காதீர்கள்; அந்தக் குளிசை சிலருக்கு ஒத்துவராது. வயர் ஒட்டப் பெண் ஊழியரைக் கேட்கவும் வெட்கப்படாதீர்கள். நோன்பு என்றாலும் வாய்திறந்து சொல்லிவிடுங்கள். அச்சகோதரி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வேறொரு நாள் தந்திருப்பார்கள்.

அல்லாஹ் அவருக்கும் நம் அனைவருக்கும் பூரண சுகத்தைத் தருவானாக. ஆமீன்.