பழங்கட்டிடங்களும் நம் கடமையும்

பழங்கட்டிடம் என்றவுடன் நம்மவர் நினைவிற்கு வருவன அரண்மனையும் கோயிலும் கோட்டையுமே. எளியோர் வாழ்ந்த இடமும் காக்கத்தக்கதே என்று எவரேனும் கூறின், நகைப்பாரும் உளர். அந்நகைப்புப் பொருந்தாது என்பதை அயர்லாந்து தேசத்து டப்ளின் நகரிலுள்ள வீடொன்றைக் கொண்டு காட்டப் புகுகின்றோம்.

1714 முதல் 1830 வரை பிரித்தானியாவை ஜார்ஜ் என்னும் பெயருடைய வேந்தர் நால்வர் அடுத்தடுத்து ஆண்டனர். அக்காலத்துக் கட்டிட முறைக்கு அவர் பெயரே வழங்குகின்றது. வெளியே ஆடம்பரமற்ற செங்கற்சுவர். அதில் அளவொத்து நிரல்பட அமைந்த சாளரங்கள். உள்ளே உயர்ந்த கூடங்கள், சுண்ணச் சாந்தினாலாகிய சித்திர வேலை: இவையே அதன் இலக்கணம். ஹென்ரியெட்டா தெருவின் 14 ஆம் எண் வீடு இம்முறையில் 1740 களின் இறுதியில் லூக் கார்டினர் என்பவரால் எழுப்பப்பெற்றது. மோல்ஸ்வொர்த் பிரபுவின் குடும்பம் அதில் முதற்கண் குடியேறிற்று.

1801 இல் அயர்லாந்து பிரித்தானியாவுடன் இணைக்கப்படவே, டப்ளினிலிருந்த பாராளுமன்றம் ஒழிந்தது. பிரபுக்கள் பலர் நகரை நீங்கினர். 1877 இல் அவ்வீட்டை வாங்கியவர் பெரும் படிக்கட்டைப் பெயர்த்தெடுத்து, கூடங்களைத் தடுத்துச் சிறு குடியிருப்புக்களாக்கி ஏழைகட்கு வாடகைக்கு விட்டார். ஒரு குடும்பத்திற்கென எழுந்த அவ்வீட்டில் 1911 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்போது 100 பேர் வாழ்ந்தனர். இத்தகைய வாழ்வின் இடரும் சிறிதன்று. 1913 இல் அந்நகரின் சர்ச் தெருவில் ஏழையர் குடியிருந்த பழைய வீடுகள் இடிந்து எழுவர் மாண்டனர்.

14 ஆம் எண் வீடு 2018 முதல் காட்சிசாலையாக விளங்குகின்றது. அதனைப் புதுக்கியோர் பிரபுக்களின் காலத்தை மட்டும் மீட்டு, ஏழையரின் சுவட்டை அழித்தாரல்லர். சித்திரக் கூரையோடு, வாடகைக் குடிகள் காலத்துச் செந்நிறமும் நீலமுமான சுவர்ப்பூச்சும் ஒருங்கே காக்கப்பட்டன. இதுவே நாம் கற்கத்தக்க பாடம்.

நம் அருமனைக்கு நெடுந்தொலைவின்றிப் பத்மநாபபுரம் அரண்மனை நிற்கின்றது. குமரி மாவட்டம் 1956 இல் தமிழகத்தோடு இணைந்த பின்னரும், கேரளத் தொல்பொருள் துறையே அதனைப் பேணிவருகின்றது. அதன் மரவேலையையும் மெருகேறிய கருந்தரையையும் கண்டு வியவாதார் யார்? ஆயினும், அவ்வரண்மனை ஓங்கிநின்ற பழைய திருவிதாங்கூரில், பனையேறி உழைத்த மக்கள் மாடியுள்ள வீடு கட்டுதல் விலக்கப்பட்டிருந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது. அவர்தம் குடிசை தாழ்ந்தது வறுமையால் மட்டுமன்று, விதியாலும் தாழ்ந்தது. அரண்மனையின் உயரத்தை அளப்பவர் இத்தாழ்வையும் அளந்தாலன்றி வரலாறு நிறைவுறாது.

ஓலைக்குடிசை சில மழைக்கு மேல் நில்லாதே, அதனை எங்ஙனம் காப்பது எனின், கூறுதும். வறுமையைப் போற்ற வேண்டும் என்பது நம் கருத்தன்று. எஞ்சியுள்ள மண்சுவர் வீடுகளை அளந்து படம் வரைந்து வைக்கலாம். அவற்றின் உறுப்புக்களுக்கு முதியோர் வழங்கும் பெயர்களைத் தொகுக்கலாம். அவர்தம் நினைவுகளை எழுதி வைக்கலாம். விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு வீட்டை எழுதிவரின், சில ஆண்டுகளில் நம் கல்லூரி நூல்நிலையத்தில் அரியதோர் ஏடு உருவாகும். தமிழ் பயிலும் நம்மவர்க்கு அச்சொற்றொகுதியே பெரும்பேறன்றோ?

செல்வன் வாயிலிற் கிடந்த லாசருவின் பெயரைச் சுவிசேஷம் குறித்துவைத்தது. மாளிகையில் வாழ்ந்த செல்வனுடைய பெயரைக் குறித்திலது. நாமோ இதுகாறும் செல்வர் பெயரை மட்டுமே எழுதிவந்தோம். இனியேனும் வாயிலில் இருந்தோரையும் எழுதுவோமாக.