மலடிப் பட்டமும் மரபணுவும்

பெண் என்பவள் குறைப்பட்ட ஆண் என்று கிரேக்க தேசத்து அரிஸ்டாட்டில் சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் எழுதி வைத்தார். விஞ்ஞானிகளுங்கூட வெகுகாலம் வரை, ஆணாக்கும் சக்தி கருவில் வேலை செய்யாது போனால் தானாக மிஞ்சுவதே பெண் என்று சொல்லி வந்தார்கள். அதாவது, ஆண் ஆக்கப்படுகிறானாம். பெண் மிஞ்சிப் போகிறாளாம்!

ஆனால் விஞ்ஞானம் சாஸ்திரத்தைப் போன்றதல்ல. சோதித்துத் தன்னைத் திருத்திக் கொள்வது. எந்தக் கருவிலும் ஆரம்பத்தில் இருவகைக் குழாய்கள் உண்டு. முல்லர் குழாய் வளர்ந்தால் கருப்பையாகும். வுல்ஃப் குழாய் வளர்ந்தால் விந்து செல்லும் வழியாகும். உயிரணுக்களுக்குள் சேதி சொல்லும் 'வின்ட்-4' என்னும் மரபணு நீக்கப்பட்ட பெண் எலிகளுக்கு முல்லர் குழாயே உண்டாகவில்லை, வுல்ஃப் குழாய் அழியாது நின்றது என்று 1999-ல் கண்டார்கள். கருப்பையில்லாத 18 வயதுப் பெண்ணொருத்தியிடம் இதே மரபணு பழுதுபட்டிருப்பதை 2004-ல் கண்டார்கள். ஆகவே, பெண்ணும் ஆக்கப்படுகிறவளே என்பது விளங்கவில்லையா?

நிற்க, சுமார் 5,000 பெண்களில் ஒருவர் கருப்பையின்றிப் பிறக்கிறார். எல்லோருக்கும் காரணம் இந்த ஒரு மரபணு அல்ல; மிகச் சிலருக்கே. ஆனால் எல்லோருக்கும் இக்குறை தாய் வயிற்றிலேயே நேர்ந்ததுதான். பிறக்கு முன் அக்குழந்தை செய்த பாவம் என்ன என்று கேட்கிறோம். உடனே பூர்வ ஜென்மம் என்பார்கள். அந்த ஜென்மத்தைப் பார்த்தவர் யார்? அன்றியும், வின்ட்-4 இருப்பது 1-ஆம் குரோமோசோமில். அதைத் தகப்பனும் தாயும் ஆளுக்கொன்றாகவே தருகிறார்கள். அப்படியிருக்க, 'மலடி' என்ற பட்டம் மட்டும் பெண்ணுக்கு எப்படி வந்தது? அந்தப் பட்டத்தைச் சொல்லி மறுதாரம் தேடுவது எந்த நியாயம்?

2014-ல் ஸ்வீடன் தேசத்தில், கருப்பையின்றிப் பிறந்த ஒரு பெண், 61 வயதுத் தோழி தானமாகத் தந்த கருப்பையில் பிள்ளை பெற்றாள். எந்த விரதமும் தராததை வைத்தியரின் கத்தி தந்தது. அதற்காக எல்லோரும் கத்திக்கு ஓட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. பிள்ளை பெறுவதுதான் பெண்ணின் யோக்கியதை என்பதையே நாம் ஒப்புவதில்லை. ஆண்பிள்ளையை அப்படி யாராவது அளக்கிறார்களா?

ஆகையால் தோழர்களே, 15 வயதாகியும் பூப்பெய்தாத பெண் உங்கள் வீட்டிலிருந்தால், மந்திரவாதியிடமும் ஜோசியரிடமும் கொண்டு போகாதீர்கள். வைத்தியரிடம் கொண்டு போங்கள். உண்மையை அவளிடமே சொல்லுங்கள். மறைத்துக் கலியாணம் செய்து வைத்துப் பிறகு அவளை அழவிடுவதைக் காட்டிலும் பெரிய பாவம் வேறு எது?