மூன்று பையன்கள், ஒன்றரை கிரெயின், ஒரு பாட்டில் வினிகர்

சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் பார்க்கக் கிளம்பும் அம்மாக்களின் பெட்டியில் என்னென்ன இருக்கும்? பிரசவ லேகியம், சுக்குப் பொடி, வடகம், வீட்டில் அரைத்த குருமா மசாலா. அதோடு ஒரு சின்னப் பொட்டலம் கசகசாவும் போய்விட்டால் வம்புதான். முன் அனுமதி இல்லாமல் கசகசாவை சிங்கப்பூருக்குள் கொண்டுபோக முடியாது. அதைக் கவனிப்பது உணவுத் துறை அல்ல, போதைப்பொருள் தடுப்புப் பிரிவு! துபாய், சவுதி பக்கம் இன்னும் கண்டிப்பு. அங்கே கசகசா தடை செய்யப்பட்ட பொருள்.

“குருமா கெட்டியா வர்றதுக்குப் போடுறதுய்யா, இதுல என்ன இருக்கு?” என்று எந்த அம்மாவுக்கும் கேட்கத் தோன்றும். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. கசகசா விதைக்குள் போதை என்று எதுவும் இல்லை. ஆனால் அந்த விதை எந்தச் செடியின் பிள்ளை என்பதுதான் சிக்கல். அபின் எடுக்கிற அதே பாப்பிச் செடியின் காய் முற்றிக் காய்ந்தால், உள்ளே கலகலவென்று ஆடுவது கசகசா. அதே காய் பச்சையாக இருக்கும்போது தோலைக் கீறினால் பால் வடியும். காய்ந்து பழுப்புப் பிசினாகும் அந்தப் பால்தான் அபின். நம் நாட்டில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களில் அரசு லைசென்ஸோடு இதைப் பயிர் செய்கிறார்கள். மற்றபடி கொல்லைப்புறத்தில் நாலு செடி வளர்த்தாலும் குற்றம்.

அந்தப் பிசினுக்குள் ஒளிந்திருந்த வேலைக்காரனை முதன்முதலில் பிடித்து வெளியே கொண்டுவந்தவர் பெரிய விஞ்ஞானி இல்லை. பல்கலைக்கழகத்தில் படித்தவரும் இல்லை. ஜெர்மனியில் ஒரு மருந்துக்கடைப் பையன். பிடித்த பொருள் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள, அதைத் தானே விழுங்கிப் பார்த்தார். அதோடு நிற்காமல், 17 வயதைத் தாண்டாத மூன்று பையன்களுக்கும் கொடுத்தார்.

ஃப்ரெட்ரிக் செர்ட்யூர்னர் பிறந்தது 1783-ல், பேடர்போர்ன் நகரத்துக்குப் பக்கத்தில். பதினைந்து வயதில் அப்பா இறந்துபோனார். மேலே படிக்க வசதி இல்லை. பேடர்போர்னில் கிராமர் என்பவர் நடத்திவந்த மருந்துக்கடையில் தொழில் கற்கச் சேர்ந்துகொண்டார். அந்தக் காலத்து மருந்துக்கடை என்றால் இப்போது போல அட்டையைக் கிழித்து மாத்திரை கொடுக்கிற இடம் அல்ல. வேரை இடிப்பது, இலையைக் காய்ச்சுவது, வடிகட்டுவது, எடை போட்டுப் பொட்டலம் கட்டுவது எல்லாம் அங்கேயேதான். நம் ஊர் நாட்டு மருந்துக்கடையையும் பள்ளிக்கூட கெமிஸ்ட்ரி லேபையும் சேர்த்து வைத்ததுபோல ஓர் இடம். நாலு வருடத்தில் பையன் தொழிலைக் கற்றுக்கொண்டு பரீட்சையும் பாஸ் செய்துவிட்டார்.

அங்கே அடிக்கடி விற்பனையான சரக்குகளில் அபினும் ஒன்று. வலிக்கு, இருமலுக்கு, வயிற்றுப்போக்குக்கு, தூக்கம் வராதவர்களுக்கு என எல்லாவற்றுக்கும் அதுதான். ஐரோப்பா முழுக்க வைத்தியர்கள் அதைக் கொண்டாடினார்கள். அதே அளவுக்குப் பயப்படவும் செய்தார்கள். ஏனென்றால் ஒரு கட்டி அபின்போல இன்னொரு கட்டி இருக்காது. எந்த வயலில் விளைந்தது, எப்போது கீறினார்கள், வழியில் வியாபாரி எதைக் கலந்தான் என்பதைப் பொறுத்து வீரியம் மாறும். இன்று ஒரு நோயாளிக்குக் கொடுத்த அளவு எடுபடாமல் போகும். அதே அளவை, அடுத்த வாரம் வந்த புதுச் சரக்கிலிருந்து கொடுத்தால் ஆள் எழுந்திருக்காமலே போய்விடலாம். மருந்து எடை போடுகிற இளைஞனுக்கு இது எத்தனை பெரிய பாரம்! தராசு சரியாக இருந்தாலும் தராசில் வைக்கிற பொருளை நம்ப முடியாது.

இந்த மர்மத்தைத்தான் செர்ட்யூர்னர் துரத்தினார். அபினுக்குள் தூக்கத்தைக் கொடுப்பது எது? அதை மட்டும் தனியாகப் பிரித்துவிட்டால் அளந்து கொடுக்கலாமே. வேலை முடிந்த நேரங்களில், அதே கடையில் இருந்த பாத்திரங்களை வைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகச் சோதனைகள் செய்தார். 1804, 1805 வாக்கில் படிகமாக ஒரு பொருள் கிடைத்தது. நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். தூங்கின, வாந்தி எடுத்தன. வேலைக்காரன் சிக்கிவிட்டான் என்று அவருக்கு நிச்சயமாகிவிட்டது.

அவர் கண்டதில் இன்னொரு ஆச்சரியமும் இருந்தது. செடிகளில் மருந்துக் குணம் உள்ள பொருள் என்றால் அது அமிலமாகத்தான் இருக்கும் என்று அதுவரை நினைத்திருந்தார்கள். இதுவோ காரம்! பாரிஸில் டெரோன், செகுவின் என்று இரண்டு பேர் அதே சமயத்தில் அபினைக் குடைந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் கைக்கும் படிகங்கள் கிடைத்தன. ஆனால் கிடைத்தது என்ன என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டவர் இந்தக் கடைப் பையன்தான்.

கண்டுபிடிப்பை ஒரு மருந்தாளுநர் பத்திரிகைக்கு எழுதி அனுப்பினார். அச்சானது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. டாக்டர் பட்டம் இல்லாத, இருபதைத் தாண்டி ஓரிரு வருடமே ஆன கடைச் சிப்பந்தி சொன்னால் பேராசிரியர்கள் எதற்குக் கேட்கப்போகிறார்கள்!

1806-ல் ஐன்பெக் என்ற ஊருக்குப் போனார். நெப்போலியன் யுத்த காலம் அது. ஊர் ஒரு ராஜாவிடமிருந்து இன்னொரு ராஜாவுக்குக் கைமாறிய குழப்பத்தில் சொந்தமாகக் கடை வைக்க லைசென்ஸ் கிடைத்தது. ஆட்சி திரும்ப மாறியதும் அதே லைசென்ஸுக்கு ஆபத்து வந்தது. வழக்கு, இழுபறி. இத்தனைக்கும் நடுவில் அந்தப் பழைய படிகத்தை அவர் மறக்கவில்லை. நாய் சொல்லாததை மனிதன் சொல்வானே என்று தோன்றியிருக்க வேண்டும்.

அந்தச் சோதனையை அவரே 1817-ல் வெளியிட்ட கட்டுரையில் வரிசையாக எழுதியிருக்கிறார். ஆட்கள் நான்கு பேர். அவரும் மூன்று பையன்களும். ஆளுக்கு அரை கிரெயின் பொருளைச் சாராயத்தில் கரைத்து, தண்ணீர் கலந்து குடித்தார்கள். கிரெயின் என்பது அன்றைய மருந்துக்கடை எடை. அரை கிரெயின் என்றால் இன்றைய கணக்கில் சுமார் 30 மில்லிகிராம்.

கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் முகம் சிவந்தது. உடம்பில் ஒரு தெம்பு. இதமாக இருந்தது. இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் செர்ட்யூர்னரின் கட்டுரை ஒரு இனிமையான அனுபவக் குறிப்பாக முடிந்திருக்கும். அரை மணி நேரம் கழித்து இன்னொரு அரை கிரெயின் சாப்பிட்டார்கள். இப்போது குமட்டல், தலையில் மந்தமான வலி, மயக்கம் போல ஒரு கிறக்கம். அது முழுதாக வேலை செய்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்காமல், கால் மணி நேரத்தில் மூன்றாவது அரை கிரெயின்!

முக்கால் மணி நேரத்துக்குள் ஆளுக்கு ஒன்றரை கிரெயின் உள்ளே போய்விட்டது. இன்றைக்கு மருத்துவமனைகளில் மார்ஃபினை முதல் தடவையாக வாய் வழியாகக் கொடுக்கும்போது தருகிற அளவைவிட இது பல மடங்கு அதிகம். பையன்களுக்கு வயிற்றில் குத்துவலி, கை கால் தளர்ச்சி. மயங்கி விழுகிற நிலை. செர்ட்யூர்னருக்கும் அதே கதிதான். படுத்தார். கனவா நனவா என்று தெரியாத நிலை. நாடி துடிக்கும்போதெல்லாம் கையும் காலும் கூடவே லேசாகத் துடிப்பதை அந்த நிலையிலும் கவனித்து வைத்திருக்கிறார். விஞ்ஞானிக்குரிய கண் என்று மெச்சலாம். பக்கத்தில் மூன்று வீட்டுப் பிள்ளைகள் கிடக்கிறார்கள் என்பதை நினைத்தால் மெச்சுகிற மனசு பாதியில் நின்றுவிடுகிறது.

எல்லை தாண்டிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது அப்போதுதான். அபின் விஷத்துக்கு வினிகர் முறிவு என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. காட்டமான வினிகரைத் தானும் குடித்து, பையன்களுக்கும் புகட்டினார். நால்வரும் பயங்கரமாக வாந்தி எடுத்தார்கள். காப்பாற்றியது வினிகர் அல்ல, வாந்திதான் என்று இன்று சொல்லத் தோன்றுகிறது. இரவு அடித்துப்போட்டாற்போலத் தூங்கினார்கள். காலையில் திரும்பவும் வாந்தி. பசியின்மை, மலச்சிக்கல், தலைவலி, உடம்புவலி எல்லாம் தீரச் சில நாள் ஆயிற்று.

அபின் வர்க்கம் ஆளைக் கொல்வது மூச்சின் வழியாக. மூளையில் மூச்சை ஓட்டிக்கொண்டிருக்கும் பகுதியை அது மெல்ல மெல்ல அமுக்குகிறது. தூங்குகிறவருக்குத் தன் மூச்சு குறைவதே தெரியாது. வலி தெரியாது, பயம் தெரியாது, எழுந்திருக்கவும் தோன்றாது. அந்த இரவு நான்கு பேரும் கண் விழித்தது அதிர்ஷ்டம்.

கிரேக்கக் கதையில் கனவுகளின் கடவுளுக்கு மார்ஃபியஸ் என்று பெயர். தான் கண்டுபிடித்ததற்கு செர்ட்யூர்னர் ‘மார்ஃபியம்’ என்று பெயர் வைத்தார். கட்டுரை பிரெஞ்சு விஞ்ஞானி கே-லுசாக் கண்ணில் பட்டது. உடனே அதை மொழிபெயர்க்க ஏற்பாடு செய்து பாரிஸில் வெளியிட்டார். அங்கேதான் ‘மார்ஃபின்’ என்ற பெயர் நிலைத்தது. கதவு திறந்துகொண்டது. அடுத்த மூன்றே வருடத்தில் எட்டிக்கொட்டையிலிருந்து ஸ்ட்ரிக்னின், காபிக்கொட்டையிலிருந்து கஃபீன், சின்கோனா பட்டையிலிருந்து குயினின் என்று செடிகளுக்குள் ஒளிந்திருந்த வேலைக்காரர்கள் வரிசையாகச் சிக்கினார்கள். 1832-ல் அதே அபினிலிருந்து கோடீன் கிடைத்தது. இருமல் மருந்து பாட்டில்களில் நாம் பார்த்த பெயர்.

சரி, ஏதோ ஒரு செடியின் பால் மனிதனின் வலியை எப்படி அணைக்கிறது? அந்தக் கேள்விக்குப் பதில் வர 1973 ஆக வேண்டியிருந்தது. மார்ஃபின் போய் உட்காருவதற்கென்றே மூளையில் இடங்கள் இருப்பதை அந்த வருடம் கண்டுபிடித்தார்கள். பாப்பிச் செடிக்காக உடம்பு ஏன் நாற்காலி போட்டு வைக்கிறது என்று குடைந்ததில், நம் உடம்பே மார்ஃபின் போன்ற பொருட்களைச் சொந்தமாகச் சுரக்கிறது என்பது தெரிந்தது. ஓடி முடித்தவர்களுக்கும் வாய்விட்டுச் சிரிப்பவர்களுக்கும் வரும் என்று அடிக்கடி சொல்கிறோமே எண்டார்ஃபின், அந்தப் பெயரே ‘உள்ளே சுரக்கும் மார்ஃபின்’ என்பதன் சுருக்கம்தான்.

மறுபடி கசகசாவுக்கு வருவோம். விதைக்குள் ஒன்றும் இல்லைதான். ஆனால் அறுவடையில் காயின் பால் விதைமேல் பட்டு ஒட்டிக்கொள்ளும். கழுவி, வறுத்து, அரைத்து, கொதிக்கவைத்த குருமாவில் பயப்பட எதுவும் இல்லை. இருந்தாலும், அமெரிக்காவில் கசகசா தூவிய ரொட்டி சாப்பிட்டவர்கள் வேலைக்கான சிறுநீர்ச் சோதனையில் போதை ஆசாமிகளாக மாட்டிக்கொண்ட கதைகள் உண்டு. இதற்காகவே 1998-ல் சோதனையின் வரம்பை 300 நானோகிராமிலிருந்து 2,000-க்கு உயர்த்தினார்கள். 2023-ல் அமெரிக்க ராணுவத் துறை, வீரர்கள் கசகசாவையே தவிர்ப்பது நல்லது என்று அறிவுறுத்தியது.

அதே நாட்டில்தான் வேறொன்றும் நடக்கிறது. கழுவாத கசகசாவை வாங்கி, ‘இயற்கையானது, லேசான கிறக்கம்தான்’ என்ற நம்பிக்கையில் டீ போட்டுக் குடித்துப் பார்க்கிறார்கள். வலிக்காகக் குடித்தவர்கள் உண்டு, தூக்கத்துக்காகக் குடித்தவர்கள் உண்டு, சும்மா ஆர்வத்தில் குடித்தவர்களும் உண்டு. அப்படிக் குடித்த இளைஞர்கள் செத்துப்போயிருக்கிறார்கள். முதல் பாக்கெட்டில் ஒன்றும் நடக்கவில்லையே என்று அடுத்த பாக்கெட்டையும் அதே அளவில் எடுத்திருப்பார்கள். ஒரு பாக்கெட்டில் ஒட்டியிருக்கும் பால் இன்னொன்றில் இருப்பதைப் போலப் பல மடங்கு இருக்கலாம். பேடர்போர்ன் கடையில் அந்தப் பையன் தராசைக் கையில் வைத்துக்கொண்டு பயந்தானே, அதே பயம்தான். இவர்களிடம் தராசுகூட இல்லை.

செர்ட்யூர்னருக்கு 1817-லேயே ஜெனா பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது. 1831-ல் பிரான்ஸிலிருந்து 2,000 பிராங்க் பரிசும் வந்தது. ஐன்பெக் கடை மட்டும் நிலைக்கவில்லை. 1820-ல் ஹாமெல்ன் ஊரின் மருந்துக்கடையை எடுத்து நடத்தப் போனார். எலிகளையும் பிள்ளைகளையும் குழல் ஊதி அழைத்துப்போன கதை வருமே, அதே ஹாமெல்ன். அங்கே இருந்தபோது காலராவைப் பற்றி ஒன்று எழுதினார்: அதைப் பரப்புவது தானே பெருகுகிற, உயிருள்ள ஏதோ ஒரு விஷப்பொருள் என்று. கிருமிகளைப் பற்றி உலகம் பேச ஆரம்பிப்பதற்குப் பல பத்து வருடங்களுக்கு முன்பு! அதையும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1841-ல் ஹாமெல்னில் இறந்தார். அடக்கம் செய்தது, அவர் கடையைப் பறிகொடுத்த ஐன்பெக்கில். அந்த மூன்று பையன்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று எங்கும் எழுதிவைக்கப்படவில்லை.