சும்மா கலர் படம் காட்டாதீங்க!

மண் ரோட்டில் ஓடுகிற பஸ்ஸின் பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்திருப்பீங்க. விரலாலேயே ஆட்டோகிராஃப் போடலாம், அவ்வளவு புழுதி! பஸ்ஸின் உடம்பை ஒட்டியே வருகிற காற்று, பின் விளிம்பு வந்ததும் வளைந்து திரும்ப முடியாமல் பிரிந்துவிடுகிறது. அந்தக் காலி இடத்தில் சுழல் சுழலாகப் புரண்டு, புழுதியை வாரிக் கண்ணாடியில் அப்புகிறது. அங்கே காற்றழுத்தமும் குறைவு என்பதால், யாரோ பஸ்ஸைப் பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற கதைதான். டீசல் செலவு எகிறும்.

மெக்கானிக்கல், ஏரோ மக்களே, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு இதைத்தானே கம்ப்யூட்டரில் ஓட்டுறீங்க? ஒரு கார், கொஞ்சம் மெஷ், 'கே-எப்சிலான்' மாடல், ராத்திரி பூரா ரன். விடிந்தால் சிவப்பும் நீலமுமாக சூப்பர் படம். நானும் அப்படி ஒரு படத்தோடு வைவாவுக்குப் போனவன்தான். எக்ஸ்டர்னல் ஒரே கேள்விதான் கேட்டார்: "காத்து இந்த இடத்துல பிரியுதுன்னு யாருப்பா சொன்னா?"

"கம்ப்யூட்டர், சார்."

அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதுல கேட்குது.

ஏன் சிரித்தார் என்பது 'அஹ்மத் பாடி'யைப் பார்த்தபோதுதான் புரிந்தது. 1984-ல் அஹ்மத் குழுவினர் வெளியிட்ட சோதனை அது. 1,044 மி.மீ. நீளத்தில் கார் மாதிரி ஒரு பெட்டி. பின்பக்கம் ஒரு சரிவு. சரிவின் கோணத்தை மாற்றி மாற்றி விண்ட் டனலில் அளந்தார்கள். 30 டிகிரி வரும்போது இழுவை உச்சத்துக்குப் போய், அதைத் தாண்டியதும் பொத்தென்று விழுந்தது! 25 டிகிரியில் இன்னும் வேடிக்கை. காற்று விளிம்பில் பிரிந்து, கீழே அதே சரிவில் திரும்ப ஒட்டிக்கொள்கிறது. வழக்கமான மாடல்கள் தடுக்கி விழுவது இங்கேதான். ஒன்று, "பிரியவே இல்லை" என்கிறது. இன்னொன்று, "பிரிந்தது பிரிந்ததுதான், ஒட்டவே இல்லை" என்கிறது. ரெண்டுமே கலர் படம் அழகாகத்தான் போடும்.

காரணம், இவை சுழல்களையெல்லாம் சராசரியாக்கி மெழுகிவிடுகின்றன. பெரிய சுழல்களையாவது நேரடியாகக் கணக்குப் போடுவது 'எல்.இ.எஸ்.' முறை. ஆனால் சுவருக்குப் பக்கத்தில் சுழல்கள் பொடிப்பொடி என்பதால் மெஷ் கோடிக்கணக்கில் போய்விடும். அதனால் 1997-ல் ஸ்பாலார்ட் குழு ஒரு சமரசம் பேசியது: சுவரோரம் சராசரி, தள்ளிப் போனால் எல்.இ.எஸ். பெயர் 'டி.இ.எஸ்.'

இதிலும் ஒரு வில்லங்கம். மெஷ்ஷைப் பொடியாக்கினால் விடை நல்லா வரும்னுதானே நினைப்போம்? சுவரோரம் அரைகுறையாகப் பொடியாக்கினால், பிரியாத காற்றைக்கூட இது பிரித்துக் காட்டிவிடும்! அதற்கு மருந்தாக 2006-ல் திருத்திய வடிவம் வந்தது. எந்தச் சுழலையும் மெழுகாமல் ஒரு முழு விமானத்தையே கணக்குப் போடுவது எப்போது? 2000-ல் ஸ்பாலார்ட் போட்ட மதிப்பீடு: 2080! நம்ம ப்ராஜெக்ட் சப்மிஷனுக்குள் நடக்காது.

அதனால் உங்க காரை ஓட்டுவதற்கு முன்னாடி, அதே மாடலில், அதே மாதிரி மெஷ்ஷில் 25 டிகிரி அஹ்மத் பாடியை ஒருமுறை ஓட்டுங்க. அளந்த எண்ணையும் உங்க எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. ஒத்துப் போகலையா? அதையும் மறைக்காம ரிப்போர்ட்டில் போடுங்க. என் எக்ஸ்டர்னல் மாதிரி ஆள் வந்தால், முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.