பினாங்குக்கு ஏன் ஒரு மணி நேரம்?

மாணவர்களே, பள்ளி விடுமுறை முடிந்து வந்த ஒரு மாணவி என்னிடம் இப்படிக் கேட்டார்: "டீச்சர், கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு 325 கிலோமீட்டர்தான். விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் என்று படித்தேன். 25 நிமிடத்திற்குள் போயிருக்க வேண்டுமே! பயண அட்டவணையில் ஏன் ஒரு மணி நேரம் என்று இருக்கிறது?"

மணியடிக்கும் நேரம். "அது தேர்வுக்கு வராது, உட்கார்" என்று சொல்லிவிட்டேன். அவர் பேசாமல் போய் அமர்ந்தார். நான் செய்தது தவறு. அன்று வகுப்பில் எழுந்த நல்ல அறிவியல் கேள்வி அதுதான்.

வாருங்கள், இப்போது பதில் தேடுவோம். கோலாலம்பூரிலிருந்து கோத்தா கினாபாலுவுக்கு நேர்தூரம் சுமார் 1,630 கிலோமீட்டர். பயண நேரம் ஏறத்தாழ 2 மணி 40 நிமிடம். பினாங்கைவிடத் தூரம் ஐந்து மடங்கு. நேரமோ மூன்று மடங்குகூட இல்லை. இரண்டு ஊர்களுக்கும் போயிங் 737, ஏர்பஸ் ஏ320 போன்ற ஒரே வகை விமானங்கள்தாம் பறக்கின்றன.

இரண்டு பயணங்களையும் கழித்துப் பாருங்கள். கூடுதல் தூரம் 1,305 கிலோமீட்டர். கூடுதல் நேரம் 100 நிமிடம். அப்படியானால் வேகம் மணிக்குச் சுமார் 780 கிலோமீட்டர். மாணவி படித்த வேகத்திற்கு இது மிக அருகில் இருக்கிறது! இந்த வேகத்தில் பினாங்குக்கு 25 நிமிடம் போதும். மீதி 35 நிமிடம் எங்கே போயிற்று?

அட்டவணை நேரம் என்பது, விமானம் புறப்படும் முனையத்தை விட்டு நகர்வது முதல் சேருமிடத்து முனையத்தில் நிற்பது வரையிலான நேரம். ஓடுபாதைக்கு மெதுவாக ஊர்ந்து செல்ல வேண்டும். முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக மணிக்குச் சுமார் 460 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது. தரையிறங்கும்போது ஓடுபாதையின் திசைக்கேற்பச் சுற்றியும் வர நேரிடும். தூரம் குறைவோ அதிகமோ, இவற்றுக்கு ஆகும் நேரம் பெரிதாக மாறுவதில்லை. அதனால்தான் குறுகிய பயணத்தில் சராசரி வேகம் வெகுவாகக் குறைகிறது. பினாங்குக்கு மணிக்கு 325 கிலோமீட்டர். கோத்தா கினாபாலுவுக்குச் சுமார் 610.

ஆக, சூத்திரம் பொய் சொல்லவில்லை. எந்தத் தூரம், எந்த நேரம், எந்த வேகம் என்று கேட்காமல் எண்களைப் போடுவதுதான் சிக்கல். பயிற்சி நூல்களில் வாகனங்கள் புறப்பட்ட நொடியிலிருந்து ஒரே வேகத்தில் ஓடுகின்றன. அடிப்படையைக் கற்க அது உதவும். ஆனால் அதோடு நின்றுவிட்டால், விடைத்தாளுக்கு மட்டுமே பயன்படும் அறிவியலைத்தான் கற்றவர்கள் ஆவோம். ஆசிரியர்களாகிய நாங்களும் பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் இத்தகைய கேள்விகளை அடக்கிவிடக் கூடாது.

நாம் கண்டுபிடித்ததைச் சோதித்தும் பார்க்கலாம். கூச்சிங் சுமார் 970 கிலோமீட்டர். அதற்கு 75 நிமிடம், அத்துடன் 35 நிமிடம். மொத்தம் 1 மணி 50 நிமிடம் வருகிறது. உண்மையான அட்டவணையோடு ஒப்பிடுங்கள். பிறகு லங்காவிக்கு நீங்களே கணக்கிடுங்கள்; தூரம் சுமார் 450 கிலோமீட்டர்.

அந்த மாணவியை மறுநாள் அழைத்து, இந்தக் கணக்கை வெண்பலகையில் அவரையே செய்யச் சொன்னேன். உங்கள் ஆசிரியர் "பிறகு பார்க்கலாம்" என்று சொன்னால், மறுநாள் மறக்காமல் மீண்டும் கேளுங்கள்.